எக்ஸெப்ஷன் உண்டா? கம்பைலரையே கேளுங்கள்

அத்திப்பட்டு முதல் கும்மிடிப்பூண்டி வரையுள்ள தொழிற்சாலைகளில் வெப்பநிலையையும் அழுத்தத்தையும் பதிவுசெய்யும் கருவிகளுக்கு மென்பொருள் எழுதுகிறேன். ஒரே சி++ லைப்ரரி கன்ட்ரோல் ரூமின் விண்டோஸ் கணினியிலும், லினக்ஸ் கேட்வேயிலும், பேனலுக்குள் இருக்கும் மைக்ரோகன்ட்ரோலரிலும் ஓடியாக வேண்டும். சிறிய போர்டுகளில் இடத்தை மிச்சப்படுத்த எக்ஸெப்ஷனை அணைத்துவிடுவார்கள். ஆர்டுயினோவின் ஏவிஆர் போர்டுகளிலும் ஈஎஸ்பி-ஐடிஎஃப்பிலும் ஆரம்பத்திலேயே அப்படித்தான் இருக்கும். ஆகவே, எக்ஸெப்ஷன் இருக்கிறதா என்பதை லைப்ரரியே கண்டறிய வேண்டும். எனக்குக் கைகொடுத்த வழிகள் இவை.

1. கம்பைலரின் பெயரை நம்பாதீர்கள். ஒரே ஜிசிசி, ஒரு ஆப்ஷன் மாறினால் வேறு விதமாக நடக்கும். ‘சிபிபி எக்ஸெப்ஷன்ஸ்’ என்ற மேக்ரோ இருக்கிறதா என்று பாருங்கள். எக்ஸெப்ஷன் இயங்கும்போது அதன் மதிப்பு 199711. பழைய கம்பைலர்களுக்கு ஜிசிசியின் ‘எக்ஸெப்ஷன்ஸ்’, விஷுவல் சி++-இன் ‘சிபிபி அன்வைண்ட்’ மேக்ரோக்களையும் சேர்த்துச் சோதியுங்கள்.

2. எச்சரிக்கைகளைப் பிழையாக்குங்கள். எக்ஸெப்ஷனை அணைத்தபின் ‘த்ரோ’ எழுதினால் ஜிசிசி கம்பைல் செய்ய மறுத்துவிடும். விஷுவல் சி++ சி4530 என்ற எச்சரிக்கையை மட்டும் தந்துவிட்டு மேலே போய்விடும்.

3. ‘த்ரோ’வை ஹெடரில் வைக்காதீர்கள். ஹெடரிலுள்ள மேக்ரோ, வாடிக்கையாளரின் ஆப்ஷன்படிதான் முடிவாகும். லைப்ரரியை நீங்கள் வேறு ஆப்ஷனில் பில்ட் செய்திருக்கலாம். ஒரே ஃபங்ஷனுக்கு இரண்டு வடிவங்கள் உருவாகும். லிங்கர் அவற்றில் ஒன்றைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொள்ளும். பிழை எழுப்பும் வேலை முழுவதையும் ஒரே ஃபங்ஷனில் அடக்குங்கள். பூஸ்ட் லைப்ரரி செய்வதும் இதைத்தான்: எக்ஸெப்ஷன் இல்லாத இடத்தில், அதன் ‘த்ரோ எக்ஸெப்ஷன்’ ஃபங்ஷனைப் பயனரே எழுதிக்கொள்ள வேண்டும்.

4. போர்டில் ஓட்டிப் பாருங்கள். கம்பைல் ஆனது, லிங்க் ஆனது என்பதோடு நிறுத்தக் கூடாது. லிங்கர் ஸ்கிரிப்டில் அன்வைண்ட் டேபிளுக்கு இடம் ஒதுக்காமல் விட்டிருந்தால், வீசிய எக்ஸெப்ஷன் ‘கேட்ச்’சை எட்டாமல் நிரலே நின்றுவிடலாம். ஒன்றை வீசிப் பிடிக்கும் சிறு சோதனையை ஒவ்வொரு போர்டிலும் நடத்துங்கள்.

5. எக்ஸெப்ஷன் இல்லையென்றால் பிழைக் குறியீட்டைத் திருப்பி அனுப்புங்கள். அதைச் சோதிக்காமல் விட்டால் கம்பைலர் எச்சரிக்கும்படி ‘நோடிஸ்கார்ட்’ போடுங்கள்; இது சி++17 முதல் உண்டு.

சென்சார் ஒயர் அறுந்தபின்னும் திரையில் பழைய வெப்பநிலையே நின்றால், பாய்லர் அருகே வேலை செய்பவர் அதை நம்பித்தான் முடிவெடுப்பார். எந்தக் கம்பைலரானாலும், பிழை நடந்தது அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.