நரம்புக்கு மீண்டும் ஓர் உறை

நுழையும்முன்

ஒரு நோயைத் தடுத்து நிறுத்துவது வேறு. அது விட்டுச்சென்ற சிதைவைச் சீர்செய்வது வேறு. மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் உறை சிதைந்தால், அதனை மீண்டும் உருவாக்க முடியுமா? அறுபதாண்டுகளுக்கும் மேலாக அறிவியலாளர் தேடிவரும் விடையை இப்பாடம் விளக்குகிறது.

பந்து பாய்ந்து வருவதைக் கண் காண்கிறது, கை நீள்கிறது. இவ்விரண்டிற்கும் இடையில் செய்தியொன்று மூளைக்குச் சென்று தசைக்குத் திரும்பிவிடுகிறது. உறையற்ற மெல்லிய நரம்பிழையில் செய்தி நொடிக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் தொலைவே செல்லும். உறை பெற்ற தடித்த இழையிலோ நொடிக்கு நூறு மீட்டர்வரை விரையும். இவ்விரைவைத் தருவது மையலின் என்னும் கொழுப்பு மிகுந்த உறை. இது இழை முழுவதையும் ஒரே சீராக மூடுவதில்லை. இடையிடையே சிறு இடைவெளி விட்டு மூடுகிறது. அவ்விடைவெளிகளே ரேன்வியர் கணுக்கள். மின்துடிப்பு ஒரு கணுவிலிருந்து மறுகணுவிற்குத் தாவுவதைப் போலச் செல்வதால் காலம் மிச்சமாகிறது.

மையலின் என்னும் பெயரை 1854இல் சூட்டியவர் செருமானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோ. எலும்பு மஜ்ஜையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அப்பெயர் பிறந்தது. மைய நரம்பு மண்டலத்தில் இவ்வுறையை நெய்யும் செல்லை 1921இல் விளக்கியவர் ஸ்பெயின் நாட்டின் பியோ டெல் ரியோ ஒர்தேகா. 'சில கிளைகளே உடையது' என்னும் பொருளில் அதனை ஆலிகோடெண்ட்ரோசைட் என்றழைத்தார். அடக்கமான பெயர்தான், ஆயினும் அத்தகைய ஒரு செல்லே பல நரம்பிழைகளுக்குக் கைநீட்டி உறை சுற்றவல்லது.

இவ்வுறையை உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே பகையெனக் கருதித் தாக்கும் நோய் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். பாரிசின் சல்பெட்ரியேர் மருத்துவமனையில் பணியாற்றிய சார்க்கோ, 1868இல் இதனைத் தனி நோயாக வரையறுத்தார். பார்வை மங்கும், நடை தள்ளாடும், காரணமின்றிச் சோர்வு வந்து அழுத்தும். பெரும்பாலும் இருபது முதல் நாற்பது வயதிற்குள், கல்வியை முடித்துப் பணியும் குடும்பமும் அமைகிற பருவத்தில் தொடங்குவது இந்நோயின் கொடுமை. இன்றுள்ள மருந்துகள் எதிர்ப்பு மண்டலத்தின் தாக்குதலைக் குறைக்கின்றன; இழந்த உறையை மீட்டுத் தருவதில்லை. உறை இழந்த நரம்பிழை செய்தியை மெதுவாகக் கடத்துவதோடு நிற்பதில்லை. ஊட்டமும் காப்பும் குன்றி, நாளடைவில் மடிந்தும் போகிறது. மைய நரம்பு மண்டலத்தில் மடிந்த இழை மீண்டும் வளர்வது அரிது. எனவே உறையைச் சீரமைக்கும் முயற்சி காலத்தோடு நடத்தும் போட்டியாகும்.

முதிர்ந்த உயிரின் மூளையும் தண்டுவடமும் தம்மைப் புதுப்பித்துக்கொள்ளா என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. 1961இல் மேரி பங்கே, ரிச்சர்ட் பங்கே, ஹான்ஸ் ரிஸ் ஆகியோர் வளர்ந்த பூனைகளின் தண்டுவடத்தை மின்னணு நுண்ணோக்கியால் ஆராய்ந்தனர். உறை சிதைந்த இழைகளைச் சுற்றிப் புதிய உறை உருவாகியிருந்தது! அது முன்னதைவிட மெல்லியதாயினும் உறையே. அவ்வாறாயின் மனிதருக்கு ஏன் முழுமையாக வாய்ப்பதில்லை?

உறை நெய்யும் செல்களின் முன்னோடிச் செல்கள் வளர்ந்தோர் மூளையிலும் எங்கும் பரவியுள்ளன. நோயாளிகளின் தழும்புகள் பலவற்றில் அவை இருக்கக் காண்கிறோம்; ஆயினும் முதிராமல் பாதிவழியில் நின்றுவிடுகின்றன. நெசவாளர் வந்துசேர்ந்தும் தறி ஓடவில்லை. இதற்கு முதுமையும் ஒரு காரணம். இளைய எலியையும் முதிய எலியையும் குருதியோட்டத்தால் இணைத்த ஆய்வு 2012இல் வெளியாயிற்று. இணைப்பிற்குப் பின் முதிய எலியில் உறை சீரமைப்பு மேம்பட்டது. முதுமையின் தடை நீக்கக்கூடியது என்பதே அதிலிருந்து கிடைத்த நம்பிக்கை.

தறியை ஓட்டும் மருந்து எது? கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகத்தில் ஜோனா சான் குழுவினர் எளிய உத்தியொன்றைக் கையாண்டனர். நரம்பிழைகளுக்கு மாற்றாக நுண்ணிய கூம்புகளை நிறுவினர். செல்கள் அவற்றைச் சுற்றி உறை அமைத்தால், மேலிருந்து நோக்கும்போது வளையங்களாகத் தெரியும். வளையங்களை எண்ணினால் போதும்! ஆயிரம் சேர்மங்களை இவ்வாறு சோதித்து 2014இல் முடிவை வெளியிட்டனர். முன்னணியில் நின்றவற்றுள் ஒன்று கிளிமாஸ்டின். ஒவ்வாமைக்குப் பல்லாண்டுகளாகப் பயன்பட்டுவந்த பழைய மருந்து அது.

அடுத்து ஐம்பது நோயாளிகளிடம், 150 நாள்கள், சோதனை நடந்தது. கண் கண்ட காட்சி மூளையை எட்டும் நேரத்தை அளந்தனர். 2017இல் வெளியான முடிவின்படி, தாமதம் கண்ணொன்றிற்கு 1.7 மில்லிநொடி குறைந்தது. சிறிய அளவுதான், ஆயினும் முதலில் மருந்து பெற்றோர்க்கு, அதனை நிறுத்திய பின்னும் அப்பயன் நீடித்தது. உறை உண்மையிலேயே மீண்டிருக்கலாம் என்பதற்கு இதுவே வலுவான குறிப்பு. மருந்து பெற்றோர்க்குச் சோர்வு கூடியதையும் ஆய்வாளர் மறைக்கவில்லை.

இப்பாதை நேரானதன்று. உறை உருவாவதைத் தடுக்கும் லிங்கோ-1 என்னும் புரதத்தை அடக்க வந்த ஒபிசினுமாப், விலங்குகளிடம் நம்பிக்கையூட்டி, மனிதச் சோதனைகளில் எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. கிளிமாஸ்டினும் பின்னர் நடந்த வேறொரு சோதனையில், நோய் முற்றிவரும் நிலையிலிருந்தோர் சிலருக்கு இயலாமையை விரைவுபடுத்தியதால் அப்பிரிவு நிறுத்தப்பட்டது. ஆகவே எந்த மருந்து என்பதோடு, யாருக்கு, நோயின் எந்தக் கட்டத்தில் என்ற வினாக்களையும் சேர்த்தே ஆய்வாளர் இன்று எழுப்புகின்றனர்.