பல்கலைக்கழகத்தில் நல்ல தோழமை
(கேளிக்கை விடுதியின் வாசலை மிதியாமல் மகிழ்ந்திருக்கும் வழி)

பிள்ளையைப் பல்கலைக்கழகத்திற்கு அனுப்பும் நாளில் நம்மில் அநேகர் தவறாமல் சொல்லும் வார்த்தை ஒன்று உண்டு. "கெட்ட சகவாசம் வேண்டாம்" என்பதே அது. நல்ல வார்த்தைதான். ஆனால், வேண்டாதது எது என்று சொன்ன நாம், வேண்டியது எது என்று சொல்லி அனுப்பினோமா? இந்தப் பாடத்தில் அதையே ஆராய்வோம்.

நம் பெரியவர்கள் தைப்பிங்கில் கடை திறந்த காலத்தில் பேராக்கில் பல்கலைக்கழகம் என்பதே கிடையாது. மலாயாப் பல்கலைக்கழகம் 1949-இல் சிங்கப்பூரில் தோன்றியது. பினாங்கிலுள்ள அறிவியல் பல்கலைக்கழகம் 1969-இல் வந்தது. தஞ்சோங் மாலிமில் 1922-இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கியது, 1997-இல் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. கம்பாரில் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழக வளாகம் 2007-இல் திறந்தது. ஆக, படிப்பு நம் வாசலருகே வந்துவிட்டது. ஆயினும் முதன்முறையாக வீட்டைவிட்டுத் தங்கும் பிள்ளைக்கு, இருபது மைலும் இருநூறு மைலும் ஒன்றுதான்.

தனிமையே முதல் பகை

விடுமுறையில் ஊர் வந்திருந்த நம்மூர் மாணவர் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தோம். தலைநகரில் படிப்பவர். அவர் சொன்னார்: "சனிக்கிழமை இரவானால் அறைத் தோழர்கள் பங்சாருக்கும் புக்கிட் பிந்தாங்கிற்கும் கிளம்பிவிடுவார்கள். எனக்கு மதுவிலோ ஆட்டத்திலோ ஆசையில்லை. ஆனால் அத்தனை பெரிய விடுதியில் நான் ஒருவன் மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அதுதான் தாங்க முடியவில்லை. நான்காவது வாரம் நானும் சட்டையை மாட்டிக்கொண்டு வாசல்வரை போய்விட்டேன்."

அன்பர்களே, இதைக் கவனியுங்கள். அவரை வாசல்வரை இழுத்தது மது அல்ல, துணையில்லாத குறை. நம் கண்டிப்பு ஆசையைத் தடுக்கலாம். தனிமைக்கு அது மருந்தாகாது. சரக்கில்லாத கடைக்குப் பூட்டு மட்டும் பெரிதாக இருந்து என்ன பயன்?

சங்கமும் மைதானமும்

அவரை மீட்டது ஒரு பந்து. பக்கத்து அறை மாணவர் ஒருவர் ஆள் குறைகிறது என்று ஃபுட்சால் ஆடக் கூப்பிட்டார். அன்று முதல் வாரம் இரண்டு மாலை ஆட்டம். ஆட்டம் முடிந்தால் கூட்டமாகச் சாப்பாடு. சனிக்கிழமையின் பாரம் தானே இறங்கிவிட்டது.

ஆகவே பிள்ளைகளுக்கு நாம் கூறுவது இது: முதல் மாதத்திலேயே இரண்டு இடங்களில் பெயர் கொடுங்கள். ஒன்று உடலுக்கு, மற்றொன்று அறிவுக்கு. மாணவர் சங்கங்கள் புதியவர்களை அழைப்பது ஆண்டின் தொடக்கத்தில்தான். அப்போதே சேர்ந்தால் தோழமை எளிது. மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை சிறுகதைப் போட்டி நடத்தி, தேர்ந்த கதைகளைப் 'பேரவைக் கதைகள்' என நூலாக்கி வருகிறது. அத்தகைய வேலையில் கைகொடுக்கும் மாணவனுக்கும் மாணவிக்கும் பொழுது போதாதே தவிர, பொழுது போகாதிருக்காது.

மறுக்கும் முறை

தோழர் விடுதிக்கு அழைத்தால் உபதேசம் செய்யவேண்டாம். முகத்தைச் சுளிக்கவும் வேண்டாம். "நான் அங்கே வருவதில்லை, நாளைக் காலை பசியாற ஒன்றாகப் போவோம்" என்றால் போதும். இடத்தை மறுக்கிறோம், மனிதரை மறுக்கவில்லை என்பது அவருக்கு விளங்கவேண்டும். நம் வியாபாரத்திலும் அப்படித்தானே? ஒரு சரக்கு இல்லையென்றால், வாடிக்கைக்காரரை வெறுங்கையோடு அனுப்பாமல் வேறொன்றைக் காட்டுகிறோம்.

நம் கடையே நல்ல சபை

இங்கே நாம் மறந்துவிட்ட ஒரு பெருமையைச் சொல்லவேண்டும். இந்நாட்டில் மலாய், சீன, இந்தியப் பிள்ளைகள் இரவில் ஒரே மேசையில் கூடுவது எங்கே? நம் மாமாக் கடைகளில்தான். அங்கே மது இல்லை. கதவில் கட்டணம் இல்லை. ஒரு தே தாரிக்கும் ஒரு ரொட்டி சானாயும் இருந்தால் ஏழை மாணவனும் சபையில் உட்காரலாம். பினாங்கில் தோளில் காவடித் தடி வைத்துச் சோறும் கறியும் சுமந்து விற்றவர்கள் தொடங்கிய தொழில் இது. அத்தடியின் பெயரே நாசி கண்டார் என்பதில் இன்றும் நிற்கிறது. மலேசியாவின் பல இன மக்கள் கூடிப் பசியாறும் வழக்கத்தை 2024-இல் யுனெஸ்கோ மனிதகுலப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

ஆதலால் கடைக்காரச் சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு கிளாஸ் தேநீருக்கு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கும் மாணவர்களைக் கண்டு முகம் கோணாதீர்கள். கல்லாவுக்கு அது சிறு நஷ்டம்தான். ஆனால் நாம் எழுப்பிவிட்டால் அவர்கள் போகும் இடம் எது என்று எண்ணிப் பாருங்கள். வேறோர் ஊரில் நம் பிள்ளையும் யாரோ ஒருவர் கடையில் அப்படி உட்கார்ந்திருக்கிறான்.

மாணவர்களுக்கும் ஒரு சொல். எங்கள் கடை விடியும்வரை திறந்திருக்கலாம், நீங்கள் விழித்திருக்கவேண்டியதில்லை. சுப்ஹுத் தொழுகையையும் காலை வகுப்பையும் விழுங்கும் தோழமை, தேநீரோடு நடந்தாலும் நஷ்டக் கணக்கே.

ஊருக்கு அழைத்து வாருங்கள்

விடுமுறையில் தோழர்களைத் தைப்பிங்குக்குக் கூட்டி வரச் சொல்லுங்கள். ஈயம் தோண்டிய பள்ளங்கள் 1880-இல் பூங்காவான ஏரிக்கரையையும், 1883-இல் தொடங்கிய அருங்காட்சியகத்தையும் காட்டட்டும். இரவில் வெளியே போகத்தான் வேண்டுமென்றால், 1961-இல் தொடங்கிய நம் மிருகக்காட்சிசாலையில் இரவு உலா இருக்கிறது. பிறகு வீட்டில் சோறு போடுங்கள். தோழர்களின் முகம் தெரிந்த பெற்றோருக்கு, தொலைபேசியில் பாதிக் கேள்வி மிச்சம்.

அடுத்த முறை பிள்ளையை வழியனுப்பும்போது, "கெட்ட சகவாசம் வேண்டாம்" என்பதோடு நிறுத்தாமல், "உன் தோழர்கள் யார்? எப்போது அழைத்து வருகிறாய்?" என்றும் கேளுங்கள். அந்த மாணவரிடம் கடைசியாக, "அத்தாவிடம் இதையெல்லாம் சொன்னாயா?" என்று கேட்டோம். "அவர் கேட்கவில்லையே" என்றார்.

நாம் கேட்போமாக.