வராத பிள்ளையைப் பற்றிச் சொல்லப்படும் கதைகள்

நம்பிக்கை: "தோட்டத்து ஆளுங்களுக்குப் படிப்போட அருமை தெரியாது. அதான் புள்ளைய அனுப்புறதில்ல."

மலையகத்துப் பசறையில் ஒரு பிள்ளை தொடர்ந்து சில நாள் பாடசாலைக்கு வராவிட்டால் முதலில் கேட்கும் பேச்சு இதுதான். ஆசிரியர் அறையில்கூடக் கேட்கலாம். இதை நம்பிவிட்டால் பிறகு யாரும் எதையும் விசாரிக்க வேண்டியதில்லை. இதன் பெரிய கெடுதல் அதுவே.

தோட்டப் பாடசாலைகள் பலவும் தரம் 5 உடன் முடிந்துவிடுகின்றன. ஆறாம் தரத்துக்குப் பிள்ளை பிரதான வீதி வரை இறங்கி நடந்து, பஸ் பிடித்து ரவுனுக்குப் போக வேண்டும். வருடக் கடைசி மழையில் பசறைப் பிரதேசத்துக்கு மண்சரிவு எச்சரிக்கை வருவது வழக்கமாகிவிட்டது. அந்த நாட்களில் பன்னிரண்டு வயதுப் பிள்ளையைத் தனியே அனுப்பத் தயங்கும் தாயை அக்கறையற்றவள் என்பது அநியாயம். வீட்டில் கைக்குழந்தைக்குக் காய்ச்சல் என்றால், கொழுந்துக்குப் போகாத அம்மாவுக்கு அன்றைய பேர், அதாவது நாட்சம்பளம், இல்லை. ஆகவே மூத்த பெண் பிள்ளை வீட்டில் நிற்கிறாள்.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. தோட்டப் பாடசாலைகளை அரசு பெருமளவில் பொறுப்பேற்கத் தொடங்கியதே 1970களில்தான். அதுவரை பெரும்பாலும் தோட்ட நிர்வாகத்தின் கையில் கிடந்தவை அவை. கதவு திறந்த பிறகு லயத்துப் பிள்ளைகள் படித்து வந்தார்கள். இன்று அதே பாடசாலைகளில் கற்பிப்பவர்களில் பலர் அவர்களே.

வரவு இடாப்பைப் பொறுமையாகப் பார்த்தால் எவ்வளவோ தெரியும். சம்பளத்துக்கு முந்திய நாட்களில் மட்டும் வராத பிள்ளைக்குப் பஸ் காசு இல்லாதிருக்கலாம். மாதத்தில் இரண்டு மூன்று நாள் வராத மாணவிக்குத் தேவைப்படுவது தண்ணீர் உள்ள, தாழ்ப்பாள் போடக்கூடிய கழிப்பறை. 2024இல் மாணவிகளுக்கு அணையாடை வவுச்சர் கொடுக்கத் தொடங்கியதும் மாதவிடாய் நாட்களில் அவர்கள் வராமல் போவதைக் குறைக்கத்தான். குறிப்பிட்ட ஒரு பாடம் உள்ள நாளில் மட்டும் வராவிட்டால், அந்த வகுப்பறையில் என்ன நடக்கிறது என்று அதிபர் பார்க்கத்தான் வேண்டும்.

நம்பிக்கை: "நாலு அடி போட்டாத்தான் படிப்பு ஏறும்."

பாடசாலையில் உடல் தண்டனைக்கு இடமில்லை என்று கல்வி அமைச்சின் 12/2016 சுற்றறிக்கை சொல்கிறது. ஆசிரியர் அறைந்ததில் ஒரு மாணவனின் காது பாதிக்கப்பட்ட வழக்கில், 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை மீறப்பட்டதாகத் தீர்ப்பளித்தது. சித்திரவதைக்கும் இழிவான நடத்தைக்கும் எதிரான உறுப்புரை அது. "நல்லா அடிங்க சேர்" என்று பெற்றோரே கேட்டாலும் அது அனுமதியாகாது. பிந்தி வந்ததற்கு அடி வாங்கிய பிள்ளை, அடுத்த முறை பிந்தினால் வாசலோடு திரும்பிவிடும்.

நம்பிக்கை: "கொழும்புல வீட்டு வேலைக்கு விட்டா மூணு வேளையாவது நல்லா சாப்பிடும்."

2021 ஜூலையில் கொழும்பில் வீட்டு வேலை செய்துகொண்டிருந்த, மலையகத்தின் டயகமவைச் சேர்ந்த சிறுமி ஒருத்தி தீக்காயங்களோடு ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டு இறந்தாள். வயது 16. மலையகம் முழுவதும் வீதியில் இறங்கியது. அந்த வருடத் தொடக்கத்தில்தான் வேலைக்கு அமர்த்தக்கூடிய குறைந்தபட்ச வயதை 14இலிருந்து 16 ஆக உயர்த்தும் சட்டம் வந்திருந்தது. கட்டாயக் கல்வி வயதோ 2016இலேயே 16 ஆகிவிட்டது. பதினைந்து வயதுப் பிள்ளையைத் தரகர் கூட்டிப்போவது குடும்பத்துக்குச் செய்யும் உதவியல்ல, குற்றம். "ஊருக்குப் போயிருக்கா" என்று பதில் வந்தால் எந்த ஊர், யாருடைய வீடு, எப்போது வருவாள் என்று வகுப்பாசிரியர் கேட்க வேண்டும். கேட்பது அவருடைய கடமை.

நம்பிக்கை: "பேர்த் சர்டிபிக்கட் இல்லாட்டி சேர்க்க மாட்டாங்க."

சேர்க்கலாம். பத்திரம் இல்லை என்பதற்காகப் பிள்ளையைத் திருப்பி அனுப்பக்கூடாது. பிள்ளை வகுப்பில் இருக்கட்டும். பிரதேச செயலகத்தில் பதிவாளரிடம் பத்திர வேலை நடக்கட்டும்.

நம்பிக்கை: "வெளிய சொன்னா மானம் போயிரும்."

அம்மா வெளிநாட்டில், அப்பா குடியில், பிள்ளை பாட்டியிடம். இப்படிப்பட்ட வீட்டில் பிள்ளைக்குத் தொந்தரவு கொடுப்பவர் பெரும்பாலும் தெரிந்த ஆளாகவே இருப்பார். லயத்தில் சுவருக்குச் சுவர் ஒட்டியிருப்பதால் எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் பேசாமல் இருப்பார்கள். அந்த மௌனம் காப்பாற்றுவது அந்த ஆளைத்தான்.

பிள்ளை ஆசிரியரிடம் வாய் திறந்தால் குறுக்கே பேசாமல் கேளுங்கள். "யாருக்கும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள்; உதவக்கூடியவர்களிடம் மட்டும் சொல்வேன் என்று சொல்லுங்கள். சொல்லப்பட்ட ஆளை நீங்களே கூப்பிட்டு விசாரிக்கவும் வேண்டாம். பிள்ளை அன்று மாலை அதே வீட்டுக்குத்தான் திரும்பும். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார், நன்னடத்தை உத்தியோகத்தர் இருக்கிறார், பொலிஸில் மகளிர், சிறுவர் பிரிவு இருக்கிறது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு இரவிலும் அழைக்கலாம், காசு போகாது. ஆசிரியர்தான் அழைக்க வேண்டும் என்றில்லை. பக்கத்து காம்பராவில் இருப்பவரும் அழைக்கலாம், பிள்ளையே அழைக்கலாம்.