வௌவாலும் இருவாச்சியும்



ஆனையூர் பக்கம் ஒரு குழுக் கூட்டத்தில் ஓர் அக்கா கேட்டாங்க: "கண்மாய்க்கரை ஆலமரம் பூரா வௌவாலாத் தொங்குது. கேரளாவுல நிபா காய்ச்சல் வந்துச்சே, மரத்தை வெட்டிரலாமா?" நியாயமான பயம்தான். பதிலுக்கு முன்னால், வௌவாலை ஒரு காட்டுப் பறவையோடு ஒப்பிட்டுப் பார்ப்போம்.

வால்பாறை மலைக்காட்டில் இருவாச்சி என்ற பெரிய பறவை வாழ்கிறது. நம்ம ஊர் மரத்தில் தொங்குவது பழந்தின்னி வௌவால். இருவாச்சி முட்டையிடும், பகலில் இரை தேடும். வௌவால் பறந்தாலும் பறவை இல்லை. நம்மைப் போலக் குட்டி போட்டுப் பால் கொடுக்கும், இரவில் இரை தேடும்.

பெண் இருவாச்சி பெரிய மரப்பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொள்ளும். சின்ன ஓட்டை வழியே ஆண் பறவை மாதக்கணக்கில் பழம் ஊட்டும். பெரும்பாலும் ஒரு குஞ்சுதான் தேறும். தாய் வௌவாலும் வருஷத்துக்கு ஒரு குட்டிதான் போடும். முதல் சில வாரம் அதை நெஞ்சில் சுமந்தே பறக்கும். அதனால் கூட்டம் அழிந்தால் சீக்கிரம் பெருகாது.

இரண்டும் செய்கிற வேலை ஒன்றுதான். ஆல், அத்திப் பழங்களைத் தின்று விதைகளைத் தூரத்தில் போடும். இலுப்பை, புன்னைப் பழங்களையும் வௌவால் தூக்கிப்போய்த் தின்று கொட்டையைக் கீழே போடும். இலுப்பைப் பூவில் மகரந்தம் சேர்ப்பதும் அதுதான். கூலியில்லாமல் மரம் நடுகிற வேலை இது.

ஆனால் மதிப்பு ஒன்றாக இல்லை. 1972 வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருவாச்சி இருந்தது. பழந்தின்னி வௌவாலோ எலி, காக்கையோடு தொல்லைப் பட்டியலில் இருந்தது. 2022-ல் வந்த திருத்தம்தான் அந்தப் பட்டியலையே நீக்கியது.

சரி, நிபா? 2018-ல் கோழிக்கோட்டில் உயிர்கள் போனது உண்மை. இந்த வௌவாலிடம் அந்தக் கிருமி இருக்கலாம். அதனால்:

* வௌவால், அணில் கடித்த பழத்தைச் சாப்பிடாதீங்க, பிள்ளைகளுக்கும் கொடுக்காதீங்க.
* பழத்தை நன்றாகக் கழுவி, தோல் சீவிச் சாப்பிடுங்க.
* செத்த வௌவாலை வெறுங்கையால் தொடாதீங்க.
* ஆஸ்துமாவுக்கு மருந்து என்று வௌவால் கறி தின்பதை நிறுத்துங்க. அதில் நோய் தீராது.

மரத்தை வெட்டினால் கூட்டம் சிதறி வீட்டுக் கொய்யா, மாமரத்துக்கு வரும். ஆபத்து கூடுமே தவிரக் குறையாது.

இதைப் பேசிய பிறகு, மரத்தை வெட்ட வேண்டாம் என்று அந்தக் குழு தீர்மான நோட்டில் எழுதியது. சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. அந்த மரியாதையில் பாதியாவது நம்ம ஊர் வௌவாலுக்கும் கொடுக்கலாமே!

அடுத்த கூட்டத்தில் பேச: உங்க ஊரில் வௌவால் தங்கும் மரம் எது? அதை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?