இரும்புக் குழாயும் உவர் நீரும்

கிணற்றிலிறக்கிய இரும்புக் குழாய் முழுவதும் ஒரே சீராய்த் துருப்பிடிப்பதில்லை. ஈரமும் காற்றும் ஒருங்கே கூடும் நீர்மட்டத்தை ஒட்டிய பாகமே பெரும்பாலும் முதலில் அரிபடும். பிராணவாயுவும் நீரும் இரும்புடன் சேர்ந்து உண்டாவதே துரு. அலுமினியத்தின் மேற்படலம் உள்ளுலோகத்தைக் காக்கும். துருவோ உதிருந் தன்மையதாதலால் காவாது. துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாயில் துத்தநாகம் தான் அரிபட்டு இரும்பைக் காக்கும். பூச்சுத் தீர்ந்தால் காவலில்லை.

நீரில் உப்பு மிகுந்தால் இவ்வரிப்பு விரைவுறும். திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் உப்புக் கழிவு நொய்யலில் கலந்து, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, சுற்றுப்புறக் கிணறுகளை உவராக்கியது யாவரும் அறிந்ததே. கழிவை முற்றும் சுத்திகரியாத பட்டறைகளை மூடும்படி 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆயினும் நிலத்திலிறங்கிய உப்பு எளிதில் நீங்குவதன்று.

ஆகையால் அப்பக்கத்து நிலக்காரர்கள் குழாயை மேலேற்றுந்தோறும் நீர்மட்டப் பாகத்தைத் தட்டிப் பார்ப்பாராக. குழாய் விற்றவரைக் குறைகூறுமுன் கிணற்று நீரைப் பரிசோதனைக்கு அனுப்புதல் நலம். உப்பு மிகுதியென்று தெரிந்தால், அந்நீரை வாழைக்குப் பாய்ச்சலாகாது.