நாலு பாம்பைத் தெரிந்துகொள்ளுங்கள். மற்றதை எலி பிடிக்க விடுங்கள்

மூடாக்கு போடுகிறோம், மட்கு குழி வெட்டுகிறோம், வைக்கோல் போர் வைக்கிறோம். எலிக்கு விஷம் வைப்பதில்லை. எலியும் தவளையும் இருக்கிற இடத்துக்குப் பாம்பு வரத்தானே செய்யும்? வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் நெல்லும் கரும்பும் வைக்கிற நமக்கு இது புதுசு இல்லை. பாம்பு என்றாலே தடியை எடுக்கிற பழக்கத்தைத்தான் மாத்திக்கணும்.

நம்ம நாட்டில் பாம்புக்கடி மரணங்களில் பெரும்பகுதிக்குக் காரணம் நான்கு பாம்புகள்: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இந்த ஒவ்வொன்றின் சாயலிலும் விஷமில்லாத பாம்பு இருக்கு. வங்கியில் காசோலைக் கையெழுத்தை ஒரு சுழியை மட்டும் பார்த்து ஏற்க மாட்டோம். பாம்பையும் நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது.

நல்ல பாம்பும் சாரையும்: படம் எடுத்தால் நல்ல பாம்புதான். படம் எடுக்காதபோது குழப்பம் வரும். சாரைக்குக் கண் பெரிசு, கழுத்து ஒடுங்கியிருக்கும், உதட்டில் கறுப்புக் கோடுகள் இருக்கும். ஆளைக் கண்டதும் வேகமாக ஓடிவிடும்.

கட்டுவிரியனும் வெள்ளிக்கோல் வரையனும்: கட்டுவிரியனின் மெல்லிய வெள்ளைப் பட்டைகள் பெரும்பாலும் இரண்டிரண்டாக, தலையிலிருந்து கொஞ்சம் தள்ளி ஆரம்பித்து வால் பக்கம் தெளிவாகும். வரையனுக்குப் பட்டைகள் கழுத்திலேயே ஆரம்பித்து வால் பக்கம் மங்கும். சுவரில் சரளமாக ஏறுவது பெரும்பாலும் வரையன்.

கண்ணாடி விரியனும் மண்ணுளியும்: விரியனின் முதுகில் சங்கிலி கோத்த மாதிரி மூன்று வரிசை வட்டங்கள், முக்கோணத் தலை. சீண்டினால் குக்கர் மாதிரி சீறும். மண்ணுளியின் திட்டுகள் ஒழுங்கில்லாமல் இருக்கும், வால் குட்டையாக மழுங்கியிருக்கும்.

சுருட்டை விரியனும் பூனைப் பாம்பும்: சுருட்டை சின்னது. உடலை வளைத்து செதிலை உரசி, ரம்பம் அறுக்கிற மாதிரி சத்தம் எழுப்பும். பூனைப் பாம்பு மெலிந்து நீண்டிருக்கும். அதன் லேசான விஷம் மனிதரைக் கொல்லாது.

சாரையும் நாகமும் இணைசேரும் என்பது கட்டுக்கதை. பின்னிக்கொண்டு எழும்புவது பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகளின் சண்டை. கொம்பேறி மூக்கன் சுடுகாட்டு மரத்தில் ஏறிப் புகை பார்க்கும் என்பதும் அப்படித்தான். அதுக்கு விஷமே கிடையாது.

இந்த அடையாளமெல்லாம் தூரத்திலிருந்து பார்க்க மட்டும்தான். சந்தேகம் இருந்தால் விஷப்பாம்பு என்றே நினைத்து விலகுங்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

கடித்துவிட்டால் கணக்கு தலைகீழ். எந்தப் பாம்பு என்று தேடிப் பிடிக்க வேண்டாம். அதை அடிக்கப் போனால் இன்னொரு கடிதான் கிடைக்கும், நேரமும் போகும். விஷமுறிவு மருந்து ஒன்றுதான், நான்குக்கும் சேர்த்துத் தயாரிக்கிறது. அதுக்கான விஷத்தை 1978-இல் தொடங்கிய, வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம் எடுத்துத் தருது. அந்தச் சமூகத்தின் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். மருத்துவர்கள் நோய்க்குறியை வைத்தும், ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் வைத்து உறைகிறதா என்று பார்த்தும் சிகிச்சையை முடிவு செய்வார்கள்.

கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். மோதிரம், கொலுசைக் கழற்றிவிட்டு, எலும்பு முறிவுக்குக் கட்டுவது போலக் கடிபட்ட கை காலை அசையாமல் வைத்து 108-ஐ அழையுங்கள். கட்டுவிரியன் கடி வலிக்காமலும் போகலாம், வீக்கமும் இருக்காது. தரையில் படுத்தவர் விடியற்காலையில் வயிற்றுவலி, இமை சொருகுது என்றால் தாமதிக்காதீர்கள். பக்கத்து அரசு மருத்துவமனையில் விஷமுறிவு மருந்து இருக்கிறதா, இல்லாவிட்டால் கோரிமேடு ஜிப்மருக்கு எந்த வண்டியில் போவது என்பதை இன்றைக்கே விசாரித்து, வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள்.

ராத்திரி டார்ச் இல்லாமல் மடை திறக்கப் போகாதீர்கள். மூடாக்கைக் கையால் புரட்டாமல் கம்பால் புரட்டுங்கள். கட்டிலில் கொசுவலை கட்டிப் படுங்கள். வைக்கோலையும் விறகையும் வீட்டுச் சுவரை விட்டுத் தள்ளி அடுக்குங்கள். வரப்பில் சாரை போனால் வழி விடுங்கள். உங்கள் நெல்லுக்குக் கூலி வாங்காத காவல்காரன் அது.