நிமிர்ந்து நின்ற வீரர்

நுழையும்முன்

விளையாட்டு வீரர் பலர் வெற்றியால் புகழ் பெறுகின்றனர். வெற்றியால் பெற்ற பட்டத்தையே தம் கொள்கைக்காக இழக்கத் துணிந்தவர் மிகச் சிலர். அத்தகைய குத்துச்சண்டை வீரர் ஒருவரின் வாழ்க்கையை இப்பாடத்தில் அறிவோம்.

காணாமல் போன மிதிவண்டி

1954ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். அமெரிக்காவின் கெண்டக்கி மாநிலத்தில் உள்ள லூயிவில் நகரில், பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் கண்காட்சி ஒன்றைக் காணச் சென்றான். திரும்பி வந்து பார்த்தபோது, வெளியே நிறுத்தியிருந்த அவனுடைய புதிய மிதிவண்டியைக் காணவில்லை. அழுகையும் சினமுமாக நின்ற அவனை, அக்கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்த காவலர் ஜோ மார்ட்டினிடம் அனுப்பினர். திருடியவனை அடித்து நொறுக்கப்போவதாகச் சிறுவன் கூறினான். அதற்குமுன் சண்டையிடக் கற்றுக்கொள்வது நல்லது என்றார் மார்ட்டின். அவர் அங்கே சிறுவர்களுக்குக் குத்துச்சண்டை பயிற்றுவித்து வந்தார். சிறுவனும் அப்பயிற்சியில் சேர்ந்தான். தொலைந்த மிதிவண்டி கிடைக்கவேயில்லை. ஆனால் உலகிற்கு ஒரு வீரர் கிடைத்தார்.

அச்சிறுவனின் பெயர் காசியஸ் மார்செல்லஸ் கிளே. 1942 ஜனவரி 17ஆம் நாள் பிறந்தவர். தந்தை விளம்பரப் பலகைகளுக்கு வண்ணம் தீட்டுபவர். கறுப்பின மக்களுக்கும் வெள்ளையர்களுக்கும் தனித்தனிப் பள்ளிகளும் உணவகங்களும் இருந்த காலம் அது.

தங்கப் பதக்கமும் உலகப் பட்டமும்

1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில், பதினெட்டு வயதில், கிளே தங்கப் பதக்கம் வென்றார். அதே ஆண்டு அக்டோபரில் தொழில்முறைக் குத்துச்சண்டையில் நுழைந்தார். அக்காலத்தில் உலகப் பட்டத்திற்கான போட்டி பதினைந்து சுற்றுகளைக் கொண்டது. ஒவ்வொரு சுற்றும் மூன்று நிமிடம். இடையில் ஒரு நிமிடமே ஓய்வு. அதிக எடைப் பிரிவு வீரர்கள் பெரும்பாலும் நின்ற இடத்தில் நின்று வலிமையால் மோதினர். கிளேயோ கைகளைத் தாழ்த்திக்கொண்டு, கால்களை ஓயாமல் நகர்த்தி, தலையைச் சற்றே பின்னுக்கு இழுத்து எதிரியின் குத்துகளை வீணாக்கினார்.

1964 பிப்ரவரி 25 அன்று உலகப் பட்டம் வைத்திருந்த சன்னி லிஸ்டனை எதிர்த்து மேடை ஏறினார். லிஸ்டனே வெல்வார் எனப் பெரும்பாலோர் கருதினர். ஆனால் ஏழாம் சுற்றுக்கு மணி ஒலித்தபோது லிஸ்டன் இருக்கையிலிருந்து எழவில்லை. இருபத்திரண்டு வயதில் கிளே உலக வீரரானார். அவ்வாண்டே இசுலாமிய நெறியைத் தழுவியதை வெளிப்படையாக அறிவித்து, முகமது அலி என்னும் பெயரை ஏற்றார்.

மனச்சான்றின் குரல்

அப்போது அமெரிக்கா வியட்நாமில் போரிட்டு வந்தது. இளைஞர்கள் கட்டாயமாகப் படையில் சேர்க்கப்பட்டனர். 1967 ஏப்ரல் 28 அன்று ஹூஸ்டன் நகரில், படையில் சேர்வதற்காகப் பெயரை அழைத்தபோது, அலி முன்வந்து நிற்க மறுத்தார். தம் சமயக் கொள்கை அப்போரில் பங்கேற்க இடந்தரவில்லை என்பது அவர் நிலைப்பாடு.

அதன் விளைவு உடனே வந்தது. போட்டியிடும் உரிமமும் உலகப் பட்டமும் பறிக்கப்பட்டன. ஜூன் மாதம் நீதிமன்றம் அவருக்கு ஐந்து ஆண்டுச் சிறைத்தண்டனையும் பத்தாயிரம் டாலர் தண்டமும் விதித்தது. மேல்முறையீடு செய்து பிணையில் வெளியே இருந்தாலும், கடவுச்சீட்டு பறிக்கப்பட்டதால் வெளிநாடு சென்றும் அவரால் போட்டியிட இயலவில்லை. அதுவரை 29 போட்டிகளில் தோல்வியே காணாத வீரர், இருபத்தைந்து வயது முதல் இருபத்தெட்டு வயது வரை மேடை ஏறவில்லை. உடலின் விரைவு உச்சத்தில் இருக்கும் பருவம் அது. பலர் அவரைக் கோழை என்றும் நாட்டுப்பற்று இல்லாதவர் என்றும் ஏசினர். அவர் கல்லூரிகளுக்குச் சென்று உரையாற்றி வருவாய் ஈட்டினார். தம் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை. இறுதியில் 1971 ஜூன் 28 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர்மீதான தீர்ப்பை நீக்கியது. ஆனால் இழந்த ஆண்டுகளை எந்த நீதிமன்றத்தாலும் திருப்பித் தர முடியவில்லை.

மீண்டும் மேடையில்

1970இல் அலி மேடைக்குத் திரும்பினார். பழைய விரைவு கால்களில் இல்லை. 1971 மார்ச்சில் ஜோ பிரேசியரிடம் முதன்முறையாகத் தோற்றார். போட்டிகளுக்கு முன் பிரேசியரை அவர் கடுஞ்சொற்களால் புண்படுத்தியதும் உண்டு. பல ஆண்டுகளுக்குப் பின் அதற்காக அலி மன்னிப்புக் கேட்டார்.

1974 அக்டோபர் 30 அன்று ஆப்பிரிக்காவில், சயீர் நாட்டின் கின்ஷாசா நகரில், ஜார்ஜ் போர்மனை எதிர்த்தார். அலியை வென்றிருந்த பிரேசியரையும் நார்ட்டனையும் இரண்டே சுற்றுகளில் வீழ்த்தியவர் போர்மன். வலிமையில் அவரை வெல்ல இயலாது என்பதை அலி உணர்ந்தார். எனவே மேடையின் கயிற்றில் சாய்ந்து, முகத்தைக் கைகளால் மறைத்து, குத்துகளைத் தோளிலும் கைகளிலும் தாங்கினார். குத்திக் குத்திப் போர்மன் களைத்தார். எட்டாம் சுற்றில் அலியின் குத்துகள் அவரைச் சாய்த்தன. முப்பத்திரண்டு வயதில் அலி மீண்டும் உலக வீரரானார். 1978இல் மூன்றாம் முறையும் பட்டம் வென்றார்.

1980இன் தொடக்கத்தில் அலி சென்னைக்கு வந்து, ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டியில் கலந்துகொண்டார். அன்றைய முதலமைச்சர் எம்.ஜி.ஆர். அவரைச் சந்தித்தார்.

நடுங்கும் கையில் ஒளி

1981இல் அலி ஓய்வு பெற்றார். 61 போட்டிகளில் 56 வெற்றி, 5 தோல்வி. ஆனால் அவர் உடல் பெரும் விலை கொடுத்தது. 1984இல் அவருக்கு நடுக்குவாத நோய் இருப்பது தெரியவந்தது. தலையில் பல ஆண்டுகள் விழுந்த குத்துகளும் காரணமாகலாம் என மருத்துவர் சிலர் கருதினர். துள்ளித் திரிந்த கால்கள் தளர்ந்தன. ஓயாது பேசிய நா தடுமாறியது.

1996ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக் தொடக்க விழாவில், சுடரை ஏற்றப்போகிறவர் யார் என்பது மறைபொருளாக வைக்கப்பட்டிருந்தது. இறுதியில் மேடையில் தோன்றியவர் அலி. நடுங்கும் கையால் தீப்பந்தத்தை உயர்த்திப் பிடித்தார். ஒருகாலத்தில் தண்டித்த நாடு எழுந்து நின்று ஆரவாரித்தது. 2016 ஜூன் 3 அன்று, 74ஆம் வயதில், அலி மறைந்தார்.

சொற்பொருள்

உரிமம் – ஒரு தொழிலைச் செய்ய அளிக்கப்படும் இசைவு
பிணை – வழக்கு முடியும்வரை வெளியே இருப்பதற்கான உறுதி
தண்டம் – தண்டனையாகச் செலுத்தும் பணம்
மனச்சான்று – சரி எது, தவறு எது என உணர்த்தும் மனத்தின் குரல்

பிரித்து எழுதுக

1. குத்துச்சண்டை
2. முதலமைச்சர்
3. தங்கப்பதக்கம்

வினாக்கள்

1. காவலர் மார்ட்டின் சிறுவனுக்குக் கூறிய அறிவுரை யாது?
2. அலி தம் கொள்கைக்காக இழந்தவை யாவை?
3. போர்மனை வெல்ல அலி கையாண்ட உத்தியை விளக்குக.
4. உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அலிக்கு எதைத் திருப்பித் தந்தது? எதைத் தரவில்லை?

பேசி மகிழ்க

உங்கள் வீட்டுப் பெரியவர்கள், தாம் சரியென நம்பியதற்காக எதையேனும் விட்டுக்கொடுத்ததுண்டா? அவர்களிடம் கேட்டறிந்து, வகுப்பில் தமிழில் ஐந்து தொடர்களில் கூறுக.